இரண்டு நாள் பயிற்சி

ராமநாதபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தார் அந்தப் பெண். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய குரல். யார் கண்ணையும் "தொடவா?" என்று கேட்காமல் தொடமாட்டார்.

புரை எடுத்த என் கண்ணில், வைத்த லென்சுக்குப் பின்னால் சவ்வு மூடியிருந்தது. லேசரில் சுட்டால் சரியாகிவிடுமாம். அன்று டாக்டர் வரவில்லை.

"நீதான் ட்ரெய்னிங் போயிட்டு வந்தியேம்மா, நீயே சுட்டு விடு" என்றார் மேனேஜர்.

"மாட்டேன் சார். ரெண்டு நாள்ல மெஷினப் போடவும் அமத்தவும்தான் சொல்லிக்குடுத்தாக. கண்ணைச் சுட இல்ல."

காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. வேலை போய்விடும் என்று மேனேஜர் மிரட்டினார்.

"போகட்டும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "நாளைக்கு நான் படகை எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போகணும். ஒரு பட்டனை அமுக்குறதுக்கு என்னம்மா?" என்றேன்.

சடாரென்று என் பக்கம் திரும்பினார். "பாம்பன் பாலத்துக்கு அடியில, ரெண்டு நாள் பழகுனவன்கிட்டச் சுக்கானைக் குடுப்பீகளாண்ணே?"

குடுக்கமாட்டேன். எழுந்து ஊருக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது அந்தப் பெண் இல்லை. லேசர் மெஷினுக்கு முன்னால் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். சுவரில் அவர் பெயரில் புதுப் பயிற்சிச் சான்றிதழ் தொங்கியது.

"தாடையை இதுல வைங்க" என்று என் தலையைப் பிடித்தார்.

கையைத் தட்டிவிட்டு எழுந்தேன். அந்தப் பெண்ணின் குரல் எனக்குள் எங்கே இருந்ததோ, வாசல்வரைக்கும் கேட்கும்படி கேட்டேன்:

"தம்பி, நீங்க எத்தனை நாள் பழகுனீக?"