ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இரண்டு படகுகளும்

எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்கள். கீழே எங்கள் பழைய டெஸ்க்டாப்பும் மகளின் லேப்டாப்பும். மாடியில் கொழுந்தனின் லேப்டாப். முகத்துவாரக்குப்பத்தில் கடல் உப்பும் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் பங்கு போட்டுக்கொண்டு மெஷின்களைத் தின்னும். அதனால் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு ஞாயிறு மூன்றிலிருந்தும் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவைப்பது என்று முடிவு செய்தோம். வேலை என் தலையில் விழுந்தது.

என் கணவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவருக்கும் தம்பிக்கும் தனித்தனிப் படகு. கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தை 'பார்' என்போம். மீன் அங்கேதான் அடையும். வருஷக்கணக்காக அலைந்து கண்டுபிடித்த பார்களின் ஜிபிஎஸ் புள்ளிகளை அவர் சொல்லச் சொல்ல, நான் டைப் செய்து வைத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் டிஸ்க் மாடிக்குப் போகும் முன் ஐயா வந்து உட்காருவார். ஒற்றை விரலால் தட்டித் தேடி, அந்த ஒரு ஃபைலை மட்டும் டிஸ்க்கிலிருந்து அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"அழிக்கிறதுக்கா நான் ஏத்துறேன்?" என்று கேட்டால், "தாயும் புள்ளயும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. உனக்கு இன்னாமே தெரியும்?" என்பார். கல்யாண வீடியோவை நான்கு இடத்தில் பத்திரப்படுத்திய மனிதர், சோறு போடும் ஃபைலை ஒரே இடத்தில் வைத்திருந்தார்.

போன மழைக்காலத்தில் படகிலிருந்த ஜிபிஎஸ் கருவிக்குள் தண்ணீர் புகுந்தது. புதுக் கருவி வந்தது. புள்ளிகளை ஏற்றலாம் என்று போனால் டெஸ்க்டாப் உயிரை விட்டிருந்தது. மெக்கானிக் திறந்து காட்டினார், உள்ளே ஒரே துரு. எதையும் மீட்க முடியாது என்றார். கிட்டத்துப் பார்களைக் கரையில் தெரியும் புகைபோக்கிகளை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். தூரத்துப் பார்களுக்குக் கரையே தெரியாது. நல்ல மீன் எல்லாம் அங்கேதான். மூன்று நாள் அவர் கடலுக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

அழித்தது எங்காவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று டிஸ்க்கைத் துழாவினேன். கொழுந்தனின் ஃபோல்டருக்குள் 'அண்ணன்' என்ற பெயரில் ஒரு ஃபைல். திறந்தால், நான் டைப் செய்த அதே புள்ளிகள்.

என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவர் முகம் முதலில் மலர்ந்தது. அடுத்த நொடியே கறுத்தது. விறுவிறுவென்று மாடி ஏறினார். கைகலப்பாகிவிடப் போகிறதே என்று நானும் பின்னால் ஓடினேன்.

"எப்போடா எடுத்த?"

"நீ ஜுரத்துல படுத்துகினு இருந்தியே, அந்த மாசம்" என்றார் கொழுந்தன், அசராமல். அந்த மாதம் அழிக்க ஆளில்லாமல் டிஸ்க் அப்படியே மாடிக்குப் போயிருந்தது.

"அங்கெல்லாம் போய் வலை போட்டியா?"

"ஒரு நாளாச்சும் என் படகை அங்க பாத்துகிறியா?"

இவர் யோசித்துப் பார்த்தார். பார்த்ததில்லை. "பின்ன எதுக்குடா எடுத்து வெச்ச?"

"நீ ஒரு நாளு கரை திரும்பலன்னா, உன்ன எங்கன்னு போய்த் தேடுறது அண்ணா?"

இவர் தம்பியின் லேப்டாப் முன் போய் உட்கார்ந்தார்.

"உன் பாரெல்லாம் எங்க கீதுடா? அதையும் எனக்கு ஏத்திக் குடு."