பந்து மேலே போனால் மைக் கீழே

கல்யாணத்துக்குப் போனால் நேராகப் பந்திக்குப் போகிற ரகம் நான். முகூர்த்தம், நாதஸ்வரம், வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடிப்பது, இதற்கெல்லாம் காத்திருக்கும் பொறுமை எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. கிரிக்கெட் என்றாலும் கடைசி ஐந்து ஓவர் போதும் என்பேன். எனக்கு வாய்த்த மனிதரோ டாஸ் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்காருகிறவர். ஆடுகளத்தில் சாவியைக் குத்திப் பார்த்து யாராவது பேசினால், சொந்த நிலத்தின் மண் பரிசோதனை முடிவு வந்த மாதிரி கேட்பார்.

அதற்குக் காரணம் உண்டு. அவரும் அந்த வர்ணனைத் தொழிலில் பாதி ஆள். வாரத்தில் ஆறு நாள் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. அங்கே சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்துவார். ஏழாவது நாள் எங்கள் தெருக்கோடி மைதானத்தில் மைக்கில் கத்துவார். டென்னிஸ் பந்து டோர்னமென்ட் எங்கே நடந்தாலும் வர்ணனைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். திருச்செங்கோட்டிலிருந்துகூட வண்டி அனுப்புவார்கள்.

அவர் மைக் பிடித்த இந்த இருபது வருடத்தில் நான் ஒரு முறையும் மைதானத்துக்குப் போனதில்லை. போகவேண்டிய அவசியமும் இல்லை. கூம்பு ஸ்பீக்கர் எங்கள் அடுப்படி ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டியிருக்கும். எட்டாவது ஓவர் என்றால் உலை வைப்பேன், கடைசி ஓவர் என்றால் ரசம் தாளிப்பேன். நடுநடுவே அறிவிப்புகள் வேறு. இந்த சிக்ஸருக்கு ஒரு ட்ரே முட்டை அன்பளிப்பு, ஸ்கோர் எழுதும் தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர் திரும்பக் கொண்டுவந்து விடவும், கேட்டுக்கு முன்னால் நிற்கிற வண்டியை எடுக்கவும். எங்கள் ஊரில் அந்தக் குரல் வண்டியை எடு என்றால் யாருடைய வண்டி என்று யாரும் பார்ப்பதில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்தக் குரல்தான் போன வருடம் ஐப்பசியில் கரகரத்துக் கம்மி, கடைசியில் காற்று மட்டும் வருகிற நிலைக்கு வந்தது. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். குரல்நாணில் மிளகளவு முடிச்சு என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன்தான். ஆனால் அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுப்பது கத்துவதைவிட மோசம், அதுவும் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பேசப்போவது அவரா நானா என்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளின் பழைய சிலேட்டை எடுத்துக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் அதில் வேடிக்கையாக எழுதினார். ரசத்தில் உப்பு இல்லை என்பதைக்கூடப் படம் போட்டுக் காட்டினார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவே எழுதியது வேறு. ‘வேற குரல் வந்துட்டா என்ன பண்றது?’

அதெல்லாம் வராது, சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அதே பயம்தான். அன்றைக்கே தன் மைக்கை ஒரு துண்டில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டார். டோர்னமென்ட் மைக் இல்லை அது. கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்த்து அவரே வாங்கி வைத்திருந்தது. பட்டறைக்கும் லீவு, வாய்க்கும் லீவு. மனிதர் ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் இதைக் கேள்விப்பட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தன் வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். டிவியில் மாட்டினால் கிரிக்கெட் ஆடலாம். கையில் ஒரு கன்ட்ரோலர். அப்பாவுக்குப் பொழுது போகும் என்று மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்கு அந்த விளையாட்டைவிட அதற்கு முன்னால் வருகிற கூத்துதான் எரிச்சல். ஆட உட்கார்ந்தால் ஆட வேண்டியதுதானே? வானத்திலிருந்து ஸ்டேடியத்தைக் காட்டுகிறான். காசைச் சுண்டுகிறான். மட்டைக்காரர்கள் படியிறங்கி, சூரியனை அண்ணாந்து பார்த்து, கையுறையைச் சரிசெய்து ஆடி அசைந்து வருகிறார்கள். கீழே பட்டையாக ஸ்கோர் ஓடுகிறது. ஒரு ஃபோர் அடித்தால் அதையே மூன்று பக்கத்திலிருந்து திருப்பித் திருப்பிக் காட்டுகிறான். ஒரு பொத்தானை அமுக்கினால் இதையெல்லாம் தாண்டிவிடலாம் என்று கண்டுபிடித்து, பக்கத்தில் போய் அமுக்கிவிட்டேன். என் கையைத் தட்டிவிட்டார். சிலேட்டில் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினார்: ‘டாஸ் போடாம மேட்ச் ஏது?’

ஆனால் அவருக்கும் ஒரு குறை இருந்தது. பெட்டிக்குள் இரண்டு பேர் இங்கிலீஷில் வர்ணனை செய்தார்கள். சுமாராக அடித்தாலும் அருமை என்றார்கள், அருமையாக அடித்தாலும் அதே அருமைதான். சொன்னதையே நாலு பந்துக்கு ஒரு முறை சொன்னார்கள். பட்டறையில் அப்படி ஒருவன் வேலை பார்த்தால் அன்றே கணக்குத் தீர்த்திருப்பார். மூன்றாவது நாள் பொறுக்க முடியாமல் சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சத்தம் போனதும் மேட்ச் செத்துவிட்டது. அதே படம், அதே மட்டை, அதே பந்து. ஆனால் நாலைந்து பொம்மைகள் பச்சைத் துணியில் முன்னும் பின்னும் ஓடுகிற மாதிரி இருந்தது. சிக்ஸர் அடித்தார், முகத்தில் ஒன்றுமில்லை. அவுட் ஆனார், அப்போதும் ஒன்றுமில்லை. இரண்டே ஓவரில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஃபேனைப் பார்க்கத் தொடங்கினார். நடந்ததை எடுத்துச் சொல்ல ஒருத்தர் இல்லாவிட்டால் நடந்தது நடந்த மாதிரியே இல்லை. இத்தனை நாள் தாண்டித் தாண்டிப் போன எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். பீரோவைத் திறந்தேன். துண்டைப் பிரித்தேன். மைக்கை ஸ்பீக்கரில் சொருகி, ஸ்பீக்கரை ஜன்னல் திண்டில் வைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து, உள்ளே வை என்று கையை ஆட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை. இருபது வருடம் அடுப்படியிலிருந்து கேட்ட பாடம், எனக்கா வராது?

“மைதானத்துக்கு வந்திருக்கிற அனைவருக்கும் வணக்கமுங்க. டாஸ்ல ஜெயிச்ச எங்க ஊட்டுக்காரர் மட்டை புடிக்கிறாருங்க.”

முதல் பந்திலேயே திக்கினேன். களத்தில் நிற்கும் இடங்களின் பெயர் எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பந்து போன திசையை பஸ் ஸ்டாண்டு பக்கம், கோழித்தீவனக் கடைப் பக்கம் என்று சொன்னேன். பந்து வீசுகிறவர் கரும்பு ஏற்றிய மோகனூர் லாரி மாதிரி வருகிறார் என்றேன். இவர் கன்ட்ரோலரை எடுத்துவிட்டார். சிக்ஸர் ஒன்று போனது. ஒரு ட்ரே முட்டை அன்பளிப்பு என்று அறிவித்தேன். அடுத்த ஓவர் முடிந்த இடைவெளியில் என்ன சொல்வதென்று தெரியாமல், அவர் வழக்கமாகச் சொல்வதை எடுத்துவிட்டேன். கேட்டுக்கு முன்னால் நிற்கிற கறுப்பு வண்டி யாருடையது, கொஞ்சம் ஓரமாக எடுத்துப் போடுங்கள்.

வெளியே ஸ்டாண்டு தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கறுப்பு வண்டியை அவசர அவசரமாக எங்கள் கேட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறார். முட்டைப் பண்ணையில் சூப்பர்வைசர், டோர்னமென்ட் கமிட்டியிலும் இருக்கிறவர். கமிட்டிக்குத் தெரியாமல் என்ன மேட்ச் என்று கேட்டுக்கொண்டே ஜன்னலுக்கு வந்தார். டிவியைப் பார்த்தார், என் கையில் இருந்த மைக்கைப் பார்த்தார், சிரிக்கவில்லை. எத்தனை ஓவர் பாக்கி என்றுதான் கேட்டார்.

மறுநாள் ஒரு ட்ரே முட்டையோடு வந்து நின்றார். நேற்று அறிவித்தது சும்மா போகக்கூடாதாம். பண்ணைப் பெயரையும் ரெண்டு தடவை சொல்லிவிட வேண்டுமாம். சொன்னேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் ஆம்லெட், முட்டைக் குழம்பு, முட்டைப் பொரியல் என்று சுற்றிச் சுற்றி முட்டைதான். என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே சிக்ஸர் அடிக்காமல் ஒன்று இரண்டாக ஓட ஆரம்பித்தார்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேட்ச் என்றாகிவிட்டது. கூட்டத்தின் இரைச்சலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இங்கிலீஷ்காரர்களை நிறுத்திவிட ஒரு வழி இருப்பதை மகள் போனில் சொல்லிக் கொடுத்தாள். நானே இப்போது டாஸைத் தாண்டவிடுவதில்லை. மட்டைக்காரர் படியிறங்கி வருகிற அந்த நேரம் எனக்குத் தொண்டையைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு. அவர் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்: ‘பந்து மேலே போனால் மைக் கீழே.’ பந்து உயரத்தில் இருக்கும்போது வர்ணனைக்காரன் வாயைத் திறக்கக்கூடாது, அந்த நேரம் கூட்டத்துடையது என்பது அவர் கட்சி. அந்த இங்கிலீஷ்காரர்களிடம் அவருக்குப் பிடித்திருந்த ஒரே குணமும் அதுதான். பந்து மேலே போனால் அவர்களும் கப்சிப், கூட்டம் மட்டும் ஓ என்று எழும்பும். எனக்கோ அந்த இடத்தில்தான் வாய் நிற்காது. போகுது போகுது என்று ஆரம்பித்துவிடுவேன். அவர் சிலேட்டைத் தூக்கிக் காட்டுவார். நான் பார்க்க மாட்டேன்.

மூன்று வாரம் முடிந்து சேலம் போனோம். ஆ சொல்லுங்கள் என்றார் டாக்டர். துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், புண் நன்றாக ஆறிவிட்டது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுங்கள் என்றார். இவர் தலையை ஆட்டினார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து சிலேட்டை எடுத்து ‘காபி’ என்று எழுதினார்.

நான்கு நாள் அப்படியே போனது. பேசலாம் என்று சொன்ன பிறகும் பேசாமல் இருந்தால் நான் என்ன செய்வது? கெஞ்சினேன், திட்டினேன். அந்தக் கதவுச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. அது எனக்குப் புரிந்தது, புரிந்தும் கோபம் அடங்கவில்லை. நான்காம் நாள் பக்கத்து வீட்டுத் தம்பி வந்தார். தை மாதம் டோர்னமென்ட், நோட்டீஸ் அடிக்க வேண்டும், வர்ணனைக்கு அண்ணன் பெயரைப் போடலாமா என்று கேட்டார். இவர் சிலேட்டை எடுத்து நிதானமாக எழுதித் திருப்பிக் காட்டினார். ‘வேற ஆளைப் பாருங்க.’ அந்தத் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கும் ஐந்து மணிக்கு மேட்ச் போட்டோம். எனக்கு மனசே இல்லை, ஆனாலும் மைக்கை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கடைசி ஓவர், கடைசிப் பந்து, ஐந்து ரன் வேண்டும். சுற்றினார். பந்து மேலே போனது. நான் வழக்கம் போல ஆரம்பித்தேன். போகுதுங்க, தீவனக் கடைப் பக்கம் போகுதுங்க, கீழே ஒருத்தர் ஓடி வாராருங்க, புடிப்பாரா விடுவாரா, ஐயோ சாமி, கையைத் தூக்கிட்டாருங்க...

“கொஞ்சம் பேசாம இரு புள்ள. பந்து மேல இருக்குதில்ல.”

அவரை வெறுப்பேற்றிப் பேசவைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். அந்தப் பந்து எங்கே விழும் என்ற ஆசையில் நான் என்னையே மறந்திருந்தேன். என் வாய்க்கருகில் இருந்த மைக் அவர் சொன்னதையும் பிடித்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்கே சொல்லிவிட்டது. குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. ஓரத்தில் ஒரு கரகரப்பு. ஆனால் அவர் குரல்தான், அடுப்படி ஜன்னலில் இருபது வருடம் கேட்ட அதே குரல். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லி நான் உடனே வாயை மூடியது அந்த ஒரு முறைதான்.

டிவியில் கூட்டம் இரைந்தது. சிக்ஸரா கேட்சா என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அதை மூன்று பக்கத்திலிருந்து திருப்பிக் காட்டினான், அப்போதும் பார்க்கவில்லை. அவர் தன் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுத் தம்பியின் தலை தெரிந்தது.

“ஏனுங்கக்கா, அது அண்ணன் குரலுங்களா?”

மைக்கை அவரிடம் நீட்டி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“இன்னொருக்கா சொல்லுங்க.”

அவர் அதை வாங்கி, இருபது வருடம் செய்தது போல இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார்.

“கேட்டுக்கு முன்னாடி நிக்கிற கறுப்பு வண்டியைக் கொஞ்சம் ஓரமா எடுங்க.”

அன்றைக்கு எங்கள் கேட்டுக்கு முன்னால் ஒரு வண்டியும் இல்லை. அந்தத் தம்பியின் வண்டி அவர் வீட்டுக்குள்ளேயே நின்றது. இருந்தாலும் மதிலிலிருந்து தலை மறைந்தது, உள்ளே சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது.