காலையில் வெறும் லொறி

கணினித் திரையில் சிவப்பு எரிந்தால் ஜீவராணி முதலில் கதிரையைப் பின்னால் தள்ளுவாள். பிறகு திட்டுவாள். "அடங்க மாட்டியா நீ" என்று அவள் கேட்பது லொறியைத்தான். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியிலிருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார என்னைத் தவிர யாரும் விரும்புவதில்லை. வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளிவிடுவாள்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து ஏற்ற ஒரு மின்சார லொறி ஓடுகிறது. அதன் மோட்டருக்கு அச்சு அசலாக இன்னொரு மோட்டரைக் கணினிக்குள் கட்டி வைத்திருக்கிறாள். மலையில் ஓடுவது சூடானால் இதுவும் சூடாகும். எப்போது கருகும் என்று திரையில் சிவப்புக் காட்டி முன்கூட்டியே சொல்லும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து பொறியியல் படித்தவள். தேநீரைக்கூட ஊதாமல், கொதிக்கக் கொதிக்கத்தான் குடிக்கிறாள்.

கம்பனிக் கணக்கில் காலையில் லொறி வெறுமையாக மலையேறும். மோட்டரோ பாரம் இழுத்ததுபோல் கொதிக்கிறது. காரணம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்ததும் மேல்மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் அதில்தான் ஏறுகிறார்கள். ஏற்றத்தில் மோட்டர் கைவிட்டால் அத்தனை பேருடனும் லொறி பின்னுக்கு உருளும். ஆட்களையும் கணக்கில் சேர்த்துப் பெரிய மோட்டர் போடுங்கள் என்று ஜீவராணி கேட்டாள். கொழும்பிலிருக்கும் எங்கள் மேலாளர் மிப்ரான், லொறியில் ஆள் ஏறத் தடை, ஆகவே ஆள் இல்லை, சூட்டை அளக்கும் சென்சர்தான் பழுது, எச்சரிக்கையை நிறுத்திவிடு என்றார். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா? கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"ஏறக்கூடாதுன்னா ஏறலன்னு ஆயிருமா சேர்?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வெட்டினாள்.

நேற்றுக் காலை அவளுடன் பெரட்டுக் களத்துக்கு நானும் போனேன். லொறி நிரம்பியிருந்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னாள். முன்னால் நின்ற ரெங்கம்மா அசையவில்லை.

"எறங்கச் சொல்லாத புள்ள. நடந்து போனா பிந்திரும். அரைப்பேருதான் போடுவாங்க."

அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். ஜீவராணிக்கு அது தெரியாததல்ல. மறுபடி இறங்கச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து மிப்ரான் வீடியோவில் அழைத்தார். தோட்டத்துக்கே போயிருக்கிறாயே, அந்தப் பழுதான சென்சரைக் கொஞ்சம் காட்டு என்றார்.

ஜீவராணி லொறியின் பின்பக்கம் போனாள். போனைத் திருப்பி, கம்பியைப் பிடித்து நெருக்கியடித்து நின்ற பெண்களின் முகங்களுக்கு நேரே, ஒவ்வொன்றாகப் பிடித்தாள்.