மூன்று விரல் உயரத்தில் ஒரு ராட்சத அலை

அந்த ஆய்வுக்கூடத்தில் இருபது மீட்டர் நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் தொட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடிப்படையில் குழாய் வேலைக்காரர். கசிவு அடைக்க ஒரு நாள் வேலையாக வந்தவர், பதினோரு வருடமாகத் திரும்பிப் போகவில்லை. தொட்டியின் ஒரு முனையில் மோட்டாரில் ஆடும் பலகை தண்ணீரைத் தள்ளி அலை உண்டாக்கும். மோட்டார், பலகை, தண்ணீர் மூன்றும் அக்காவின் பொறுப்பு.

போன வருடம் கணித டாக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். முப்பது வயதுப் பெண். நடுக்கடலில் சொல்லாமல் கொள்ளாமல், சுற்றியுள்ள அலைகளைப்போல் மூன்று மடங்கு உயரம் எழும்பி, உடனே மறைந்துபோகும் ராட்சத அலைதான் அவருடைய ஆராய்ச்சி.

"அது எப்படி டாக்டரம்மா தானா எழும்பும்?"

"பக்கத்து அலைங்களோட பலத்தை உறிஞ்சிக்குதுக்கா. சொலிட்டான்னு ஒண்ணு இருக்கு, கலையாம கட்டுக்கோப்பா போற அலை. அந்தக் குடும்பத்துல பொறந்த முரட்டுப் பிள்ளைன்னு வச்சுக்கோங்க. சமன்பாட்டுல வருது. தண்ணியிலயும் வருதான்னு பார்க்கணும்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஒரு பட்டப்பகலில் சுவர் மாதிரி ஓர் அலை வந்து சமையலறைக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போன கதையை அவர் எடுத்தாலே, "மாமா ஆரம்பிச்சுட்டாரு" என்று அக்காவின் தம்பிகள் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்ததுண்டு.

ஒரு விரல் உயர அலைகளை வரிசையாக அனுப்பினால், பன்னிரண்டாவது மீட்டரில் ஒன்று மட்டும் மூன்று விரல் உயரம் எழ வேண்டும். எழவில்லை. இரண்டு விரலை எட்டுமுன் சோர்ந்து படுத்தது. டாக்டர் ஆறு வாரம் சமன்பாட்டைப் பிரித்து மேய்ந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீரில் தெரிந்த குழல்விளக்கின் பிம்பம் கொஞ்சம் மங்கியிருப்பதை அக்கா பார்த்தார். விரலை நனைத்துத் தேய்த்தார். வழுக்கியது.

"உங்க கணக்குல ஒரு குத்தமும் இல்ல டாக்டரம்மா. பலகைக் கீலுக்கு நான் போட்ட கிரீஸ் தண்ணி மேல ஏடு கட்டியிருக்கு. அலையோட தெம்பை அதுதான் தின்னுது."

"ஆறு வாரம்க்கா!" என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு நாளில் அக்கா தொட்டியைக் காலி செய்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புதுத் தண்ணீர் நிரப்பி, கீலுக்கு உறையும் மாட்டினார். வெள்ளிக்கிழமை காலை, அனுமதி வாங்கிக் கணவரையும் கூட்டி வந்தார்.

மோட்டார் ஓடியது. அலைகள் சீராகப் போயின. பன்னிரண்டாவது மீட்டரில் தண்ணீர் சட்டென்று பள்ளமானது. அதன் பின்னாலேயே ஓர் அலை விறைத்து எழுந்தது. மூன்று விரல். அடுத்த நொடி காணோம்.

"அதேதான்!" என்றார் கணவர். "முன்னாடி அந்தப் பள்ளம் விழுந்துச்சு பாருங்க, அதைச் சொன்னா ஒருத்தரும் நம்பல."

டாக்டர் நோட்டை விரித்து அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டார். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் அன்றைய சமையல்வரை ஒப்பித்தார்.

"நானும் சிரிச்சிருக்கேங்க" என்றார் அக்கா, மெதுவாக.

"அது கெடக்கட்டும். இன்னொரு தடவை விடச் சொல்லு."

அன்று பதினேழு தடவை விட்டார்கள். டாக்டர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் மூன்றாவது பெயராக அக்காவின் பெயரும் வந்தது.

இப்போது தொட்டியில் சாண் நீளக் கப்பல் ஒன்று மிதக்கிறது. அலை எழுமுன்பே எச்சரித்து அதை விலக்கிவிட முடியுமா என்று டாக்டர் பார்க்கிறார். பத்தில் ஆறு தடவை கப்பல் தப்பிக்கிறது. மற்ற நாலு தடவையும் அக்கா முழங்கைவரை கைவிட்டு, அதை எடுத்து நிமிர்த்தி வைக்கிறார்.