கையை எடுத்த பிறகும்

புதிய கீபோர்டு வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. இன்னும் எனக்கு அது பழகவில்லை. நேற்று மத்தியானம் வாசித்துக்கொண்டிருந்தவன், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். கூடத்தில் தாளம் தானாக ஓடிக்கொண்டே இருந்தது. பழைய கீபோர்டுப் பெட்டியில் நான் இடக்கையை எடுத்தால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே, "முன்னாடி ஹால்ல யாரு வந்து வாசிக்கிறா?" என்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

கீபோர்டு கம்பெனி மாறினால் கை மாறுமா? எந்தப் பொத்தான் எங்கே என்று என் விரலுக்குத் தெரிவது இன்னும் பழைய பெட்டியில்தான். எங்கள் மலேசியாவின் ஈப்போவில் ஒரு கல்யாண விருந்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு நடந்து வரும்போது பொத்தான் மாறி அழுத்தி, பாட்டைப் பாதியிலேயே முடித்துவிட்டேன். பாவம், இருவரும் நடுவழியில் நின்றுவிட்டார்கள்.

புதியதில் பிளாஸ்டிக் வாசனைதான். பழையதில் சாம்பிராணியும் கொசுவத்தியும் கலந்த ஒரு புகை வாசனை ஊறியிருந்தது. அது எனக்கு எப்போதும் மரியதாஸ் அண்ணனை ஞாபகப்படுத்தும். எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தவர் அவர். பகலில் சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை. என்ன சவர்க்காரம் போட்டாலும் சட்டையில் அந்தப் புகை போகாது. மோட்டார் சைக்கிளில் விழுந்ததிலிருந்து அவருக்கு இடது மணிக்கட்டு சரியில்லை. அதனால் மூன்றாவது தட்டு எப்போதும் ஒரு துளி பிந்தித்தான் விழும். பாடுகிறவர் மூச்சு வாங்குவது அந்த இடத்தில்தான். ஒருநாள் கீபோர்டுக் கட்டைகளைத் தட்டியே தன் தாளத்தை அதில் பதிந்து வைத்தார். "நான் வர முடியாத அன்னைக்கு இது வாசிக்கட்டும்லா" என்றார்.

அவர் இறந்தபின் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவர் மனைவி ரோசம்மா அக்காவோடு நானும் அந்த எஸ்டேட்டுக்குப் போவேன். தொழிலாளர் வீடுகளான லயமும் மாதா கோயிலும் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை எண்ணெய்த் தோட்டம். இடுகாட்டில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. மெழுகுவத்தி ஏற்றி ஜெபித்தபின், கார் பேட்டரியில் பெட்டியை மாட்டி அண்ணனின் தாளத்தைப் போடுவேன். அக்கா அழமாட்டார். கண்ணை மூடித் தலையாட்டுவார். மூன்றாவது தட்டுக்கு அவர் தலையும் ஒரு கணம் காத்திருக்கும். அதைப் பார்க்கும்போது பட்டப்பகலிலும் எனக்குப் புல்லரிக்கும்.

போன வருடம் பழைய பெட்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. தாளம் பென்டிரைவில் இருந்தது. புதிய கம்பெனிப் பெட்டிக்கு ஏற்றபடி அதை மாற்றித் தர காம்பார் ஊரில் ஒரு இசைக்கருவிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். "ஒரு தட்டு லேட்டா விழுந்துச்சு அண்ணே, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டேன்" என்றார். பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை ஏற்றியிருந்தார். பொத்தான் தேடும் கவலையில் அவர் சொன்னது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த வருடக் கல்லறைத் திருநாளில், அண்ணனின் கல்லறை முன்னால் தாளத்தைப் போட்டேன். அக்கா வழக்கம்போல் தலையாட்டினார். மூன்றாவது தட்டில் அவர் தலை காத்திருந்தது, தாளம் காத்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து, "இது யாரு தம்பி?" என்றார்.

"அண்ணன்தான்க்கா."

"இல்ல."

கையை எடுத்துவிட்டேன். தாளம் நிற்கவில்லை. நிறுத்தத் தேடிய விரல் பழைய இடத்துக்கே போனது. அங்கே இருந்தது வேகத்தைக் கூட்டும் பொத்தான். யாருடைய கையும் படாமல் அது வேகம் பிடித்து ஓடியது. அக்கா இரண்டடி பின்னால் போய்விட்டார். கடைசியில் வயரைப் பிடுங்கினேன்.

செம்பனைக்குள் ஒரு சத்தமும் இல்லை. அக்கா கல்லறைப் பக்கம் திரும்பினார்.

"இத்தன வருசமும் வேலைக்குப் போயிருக்காருன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். "இன்னைக்குத்தான் செத்துட்டாருலா."

அடுத்த வருடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். லயத்தை இடித்தபோதும் கோயிலை இடித்தபோதும் அழாதவன், அன்று காருக்குள் உட்கார்ந்து ஒரு துளித் தாமதத்துக்காக அழுதேன்.