காரணம் சொல்லக் கூடாத கேக்

வெண்டெலா ஓக்கெர்லிண்டுக்குப் பொய் சொல்ல வராது. இதை ஏதோ பெரிய நற்குணம் என்று நினைத்துவிட வேண்டாம். சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குச் சீட்டியடிக்க வராது, அந்த மாதிரிதான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து "எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்ட யாரும் லிஞ்ஷோப்பிங் நகரில் இரண்டாம் முறை கேட்டதில்லை.

ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருடமாக ஒரே கம்பெனி, ஒரே ஜன்னலோர மேசை. கம்பெனி செய்வது தேர்னா என்ற பிரவுசர். உலகமே இரண்டு மூன்று பெரிய பிரவுசர்களைக் கட்டிக்கொண்டு அழ, நாற்பது லட்சம் பிடிவாதக்காரர்கள் மட்டும் இதை விடாமல் வைத்திருக்கிறார்கள். வேலை செய்பவர்கள் மொத்தம் முப்பத்தெட்டு பேர். அதன் நிரல், அதாவது கோட், முழுவதும் இணையத்தில் பொதுவில் கிடக்கிறது. எந்த வரியை யார் மாற்றினார்கள், எப்போது, ஏன் என்பதை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

அந்த 'ஏன்'தான் வெண்டெலாவின் ராஜ்ஜியம். ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது தொழில் வழக்கம். மற்றவர்கள் ஒரு வரி எழுதிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். வெண்டெலா ஒரு காற்புள்ளியை நீக்கியதற்கு மூன்று பத்தி எழுதியவள்: அது எப்படி வந்தது, இருந்தால் என்ன கெடும், தான் ஏன் முதலிலேயே கவனிக்கவில்லை. அவள் குடியிருக்கும் கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்வது பற்றி அவள் ஒட்டிய அறிவிப்பு நான்கு பக்கம். அடிக்குறிப்புகள் தனி.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, எஸ்தோனியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவியின் மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் பிரவுசரில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும், அந்தப் பக்கத்தை எழுதியவன் கணினிக்குள் இறங்கிவிடலாம். மாதிரிப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.'

எந்தக் கோப்பில் ஓட்டை என்று பார்த்தாள். அவளே பதினான்கு வருடத்துக்கு முன் எழுதியது. அந்த இடத்திலேயே அவள் கைப்பட ஒரு குறிப்பும் இருந்தது: 'இந்த இடத்தில் பட்டியல் மறைந்துபோக வாய்ப்பே இல்லை. சரிபார்த்துவிட்டேன். வெ.ஓ.'

'பாவம், இந்தப் பெண்ணுக்கு ஏதோ குழப்பம்' என்று நினைத்துக்கொண்டு மாதிரிப் பக்கத்தைத் திறந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மனம் கொஞ்சம் குளிர்ந்தது. அதற்குப் பிறகுதான் மின்னஞ்சலின் இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். ஊருக்கே நான்கு பக்கம் எழுதிப் படிக்கச் சொல்கிறவளுக்கு அடுத்தவர் எழுதிய இரண்டாம் பக்கம் வரை பொறுமை இல்லை. 'சாதாரணப் பதிப்பில் எதுவும் தெரியாது. நினைவகத்தைக் கண்காணிக்கும் சோதனைப் பதிப்பில் திறந்து பாருங்கள்' என்று அதில் இருந்தது.

திறந்தாள். பிரவுசர் பொத்தென்று விழுந்தது. சிவப்பு எழுத்தில் நீளமாக ஓர் அறிக்கை வந்தது. எந்தக் கோப்பு, எந்த வரி என்று அது விரல் வைத்துக் காட்டிய இடத்துக்கு நேர் மேலே, 'சரிபார்த்துவிட்டேன்' என்று அவளுடைய கையொப்பம்.

அன்றும் மறுநாள் பகலும் அவள் மேசையை விட்டு எழவில்லை. செவ்வாய் மாலை மேலாளன் ஸ்தாஃபானின் அறைக்குப் போனாள். அவன் பால்பண்ணை கம்பெனி ஒன்றிலிருந்து வந்தவன். நல்லவன், நிரல் மட்டும் தெரியாது.

"கதவைச் சாத்து" என்றாள்.

"யாரைத் திட்டப் போற?"

"என்னைத்தான். கேளு. உங்க கட்டடத்துலயும் பொதுச் சலவை அறைதானே? உன் முறை முடிஞ்சுது, மூணாம் நம்பர் மெஷினை விட்டுட்ட. ஆனா மூணாம் நம்பர்னு எழுதின சீட்டு உன் பையிலயே இருக்கு. அரை மணி கழிச்சு வர்ற, சீட்டைப் பாக்கற, மெஷினைத் திறந்து உள்ள இருக்கறதை அள்ளிட்டுப் போற."

"அது வேற யாரோட துணியாச்சே!"

"கம்ப்யூட்டர் துணியைப் பாக்காது, நம்பரைத்தான் பாக்கும். நம்பர் சரி, அப்போ நம்ம துணிதான்னு மாட்டிக்கும். இது தெரிஞ்ச ஒரு திருட்டுப் பய, நீ விட்ட மெஷின்ல வேணும்னே தன் துணியைத் திணிச்சு வெச்சான்னு வை."

ஸ்தாஃபான் யோசித்தான். "அவன் சட்டையைப் போட்டுக்கிட்டு நான் ஆபீஸ் வருவேன்."

"சட்டைப் பையில அவன் எழுதி வெச்ச உத்தரவோட. அதையும் நீ அப்படியே செய்வ."

"அடக் கடவுளே. எங்க நடக்குது இது?"

"வலைப்பக்கத்துல ஊர் பேரு, நாடு பேரு எல்லாம் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் விரியுமே, அங்க. விரியறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தோட நிரலுக்கு ஒரு வார்த்தை சொல்றோம். அது அந்த நேரம் பாத்து பட்டியலையே அழிச்சுடலாம், இடத்தைக் காலி பண்ணித் தன் சரக்கை வெச்சுடலாம். நாம திரும்பி வந்து பழைய இடத்தையே பட்டியல்னு நம்பிப் பிடிக்கறோம். நான் அப்படி ஆகவே ஆகாதுன்னு எழுதியிருக்கேன். கையெழுத்து வேற போட்டிருக்கேன்."

"சரி பண்ண முடியுமா?"

"பண்ணிட்டேன், வீட்டுலேர்ந்து வேலை பாக்கற நம்ம ஆளு ஒருத்தர் சரிபார்த்தும் குடுத்துட்டாரு. நம்ம வேலை முடியற வரைக்கும் அந்த இடத்தை யாருக்கும் விடாதேன்னு ரெண்டு வரி. ஆனா அதோட போகலை. இதே புத்தி எனக்கு வேற எங்கெல்லாம் வேலை செஞ்சிருக்கும்னு தேடினேன். நிறம் தேர்ந்தெடுக்கற இடத்துல ஒண்ணு, தேதி தேர்ந்தெடுக்கற இடத்துல ஒண்ணு. மொத்தம் மூணு ஓட்டை. மூணும் என்னோடது. மூணையும் ஒரே திருத்தத்துல அடைச்சுட்டேன்."

ஸ்தாஃபானுக்கு நிரல்தான் தெரியாது, அபாயம் தெரியும். திருத்தத்தைப் பொது நிரலில் சேர்த்தால்தான் சோதனைகள் ஓடும். சோதனைகளுக்கு ஆறு நாள். புதிய பதிப்பு அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு. அந்த ஆறு நாளும் திருத்தம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கும், ஓட்டையோ நாற்பது லட்சம் பேரின் கணினியில் திறந்தே இருக்கும். அது எதற்கான திருத்தம் என்று கெட்ட கண் ஒன்று மோப்பம் பிடித்துவிட்டால் கதை முடிந்தது.

"அதனால குறிப்பு ஒரே ஒரு வரி" என்றான் ஸ்தாஃபான். "எதுக்குன்னு ஒரு எழுத்து வரக் கூடாது. உனக்கும் எனக்கும், வீட்டுலேர்ந்து இதைச் சரிபார்த்த ஆளுக்கும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது."

திருத்தத்தை எழுத இருபது நிமிடம் எடுத்துக்கொண்டவள், அந்த ஒரு வரியை எழுதப் புதன்கிழமை காலை இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கடைசியில், 'பட்டியல் பகுதியில் சிறு ஒழுங்குபடுத்தல்.' பொய் இல்லை, சின்னதுதான், ஒழுங்குதான் என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டு அனுப்பினாள்.

அரை மணி நேரத்தில் ஆள் வர ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்தவள் தூவா. கம்பெனியைப் பற்றி இணையத்தில் எழுதுவதும் படம் போடுவதும் அவள் வேலை. "வெண்டெலா, உடம்பு சரியில்லையா? ஒரே வரிதான் எழுதியிருக்க." அடுத்து ஃபோல்கே, சோதனைப் பிரிவுக்காரன், அறுபதை நெருங்குகிறவன். "என்ன, கை சுளுக்கா? இல்லே வேலையை விட்டுப் போறியா? உண்மையைச் சொல்லு, வழியனுப்பற கேக்குக்குச் சொல்லி வைக்கணும்." வெண்டெலா தலைவலி என்றாள். அதுவரை இல்லாத தலைவலி அந்த வார்த்தையைச் சொன்னதும் நிஜமாகவே வந்தது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

இதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் அந்த அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. பிரவுசரில் யார் எதைக் கெடுத்தாலும் அந்த வாரமே கேக் செய்துகொண்டு வந்து, மூன்று மணிக் காபி வேளையில் எல்லார் முன்னாலும் வைத்து, என்ன கெடுத்தேன் என்று சொல்ல வேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்ததே வெண்டெலாதான். மூன்று ஓட்டையைப் போட்டுவிட்டு ஒரு கேக்கும் செய்யாமல் இருப்பதா? காரணத்தைச் சொல்லக் கூடாது என்றுதானே உத்தரவு, கேக் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? இப்படியெல்லாம் யோசிக்க ஒரு மூளை வேண்டும். அந்த மூளையால்தான் அவள் வியாழக்கிழமை நடுவில் பிசுபிசுவென்று இருக்கும் சாக்லேட் கேக் மூன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாள்.

மூன்று மணிக்கு மேசையைப் பார்த்த ஸ்தாஃபானுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"மூணா!" என்றான் ஃபோல்கே. "யாரு, யாரு? வெண்டெலாவா? என்னம்மா கெடுத்த?"

வெண்டெலா கேக்கை வெட்டினாள்.

"இரு இரு. நானே கண்டுபிடிக்கறேன். இந்த வாரம் எந்தச் சோதனையும் தோத்துப் போகலை. நீ சேர்த்தது ஒரே ஒரு திருத்தம். பட்டியல் பகுதி. அதுக்கு ஒரே வரி எழுதின. வாழ்க்கையிலேயே முதல் தடவையா." ஃபோல்கே கரண்டியை நீட்டிக்கொண்டு எழுந்து நின்றான். "ஒரு வரிக்கு மூணு கேக்கு! அந்தத் திருத்தத்துல என்ன இருக்கு?"

"அசையாதீங்க, அசையாதீங்க" என்று தூவா கைபேசியைத் தூக்கினாள். வாரா வாரம் கேக் படம் போடுவாள், கூடவே காரணத்தையும். அதற்கென்றே வாசகர்கள் இருந்தார்கள். பிரவுசர் நிரலைப் பொழுதுபோக்காகப் படிப்பவர்கள், நல்ல எண்ணத்தோடு படிப்பவர்களும் மற்றவர்களும். "தலைப்பு என்ன போடட்டும்? 'ஒரு வரிக் குறிப்பு, மூன்று கேக்' போட்டா நல்லா இருக்குமா?"

வெண்டெலாவின் கத்தி கேக்கின் நடுவில் நின்றது. நாற்பது லட்சம் பேர். அவளுடைய மூன்று ஓட்டை. செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள். ஏதாவது சொல்லியாக வேண்டும், பொய்யோ வராது. கெடுத்த வேறு ஏதாவது ஓர் உண்மை வேண்டும், உடனே வேண்டும், பெரிதாக வேண்டும். அப்படி அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"காபி ஜாடியில ஒரு விரல்கடை காபி மிச்சம் வெச்சுட்டுப் போனது இங்வார் இல்லை" என்றாள். "நான்தான்."

கைபேசி கீழே இறங்கியது.

கடைசிக் காபியை ஊற்றிக்கொள்கிறவர் புதிதாகப் போட்டு வைக்க வேண்டும். போடச் சோம்பல்பட்டு, 'தீரவில்லையே' என்று சொல்லிக்கொள்ள ஒரு விரல்கடை மட்டும் விட்டுவைக்கிறவரை மனித ஜாதியில் சேர்ப்பதில்லை. அந்த அலுவலகத்தில் பல வருடம் யாரோ அதைச் செய்துவந்தார்கள். பழி இங்வார் மீது விழுந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அவன் மால்மோவுக்கு வேலை மாறிப் போனபோது ஃபோல்கே, அடியில் ஒரு விரல்கடை காபியோடு ஒரு ஜாடியைப் பரிசாகக் கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். வெண்டெலாவும். மறுநாளிலிருந்து பயந்துபோய் அவள் அதை நிறுத்திவிட்டாள். அதனால் இங்வார்தான் என்பது நிரூபணமே ஆகிவிட்டது. அவளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான்கு பக்க அறிவிப்பு ஒட்டுகிற பெண்மணியை யார் சந்தேகப்படுவார்கள்?

"நீயா?" என்றான் ஃபோல்கே. கரண்டியைக் கீழே வைத்தான். திருத்தத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. தூவா படம் போடவில்லை, இப்படி ஒரு விஷயத்தை வெளியில் சொல்வது கம்பெனிக்கு மானக்கேடு என்று நினைத்தாள். கேக் மூன்றும் அப்படியே கிடந்தன.

வெள்ளிக்கிழமை யாரும் வெண்டெலாவுக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் சமையலறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. ஃபோல்கே வீட்டிலிருந்து தனக்கென்று ஃபிளாஸ்க் கொண்டுவந்தான். இருபத்தாறு வருடம் பழகிய மனிதர்கள். ஆனாலும் செவ்வாய் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய் பத்து மணிக்குப் புதிய பதிப்பு போனது. மூன்று மணிக்குள் முப்பது லட்சம் பேர் மாறிவிட்டார்கள். ஒரு விபரீதமும் நடக்கவில்லை. எஸ்தோனிய மாணவிக்கு நன்றி சொல்லி அறிவிப்பு வந்தது. அதோடு வெண்டெலாவின் விளக்கம், பதினோரு பக்கம்.

காபி வேளையில் ஸ்தாஃபான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். ஓட்டை, ஆறு நாள், கேக். "அன்னைக்கு இவ வாயைத் திறந்து அதைச் சொல்லலேன்னா நாம எல்லாரும் மாட்டியிருப்போம்" என்றான்.

ஃபோல்கேயின் முகம் மலர்ந்தது. "அப்போ... அப்போ காபி விஷயம் சும்மா! எங்களைத் திசைதிருப்ப நீ கட்டிவிட்ட கதை! அப்படித்தானே?"

முப்பத்தைந்து முகங்களும் அவளை மன்னிக்கத் தயாராகத் திரும்பின. பின்னாலிருந்து ஸ்தாஃபான் 'ஆமாம்னு சொல்லு' என்று தலையை ஆட்டினான். வெண்டெலாவுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி மாளாது.

"இல்லை" என்றாள். "அது நிஜம். அத்தனை வருஷமும் நான்தான்."

ஃபோல்கே மெல்ல உட்கார்ந்தான். "அந்த ஜாடியை அவன் கையில குடுத்தது நான்" என்றான்.

வெண்டெலா கைபேசியை எடுத்து, எல்லாரும் கேட்கும்படி மேசை மேல் வைத்து, மால்மோவுக்குப் போட்டாள். நான்காவது மணியில் எடுத்தான்.

"இங்வார், வெண்டெலா பேசறேன். காபி ஜாடி. அது நான்தான் செஞ்சேன்."

"தெரியுமே" என்றான் இங்வார். "ஒரு நாள் கண்ணாலேயே பாத்தேன். உனக்குத்தான் பொய் வராதே, நீயே சொல்லிடுவேன்னு இருந்தேன். அஞ்சு வருஷம் ஆகும்னு நினைக்கலை."

வெண்டெலா அழுதாள்.