பன்னிரண்டு பாத்தியும் என் சகலையும்

என் சகலையை, அதாவது என் மனைவியின் தங்கை கணவனை, ஊரில் ‘கயிறு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். வரப்பை அளப்பான், நாற்றை அளப்பான், விட்டால் கொக்கின் காலையும் அளப்பான். பதினைந்து வருஷம் தையல்காரனாக இருந்தவன். கடை ஓடாமல் போனதும் எட்டு வருஷத்துக்கு முன்பு இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தான். நான் முப்பது வருஷமாகச் சேற்றில் நிற்கிறவன். வயிற்றெரிச்சல் எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

முதல் வருஷம் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். மறு வருஷம் பாதி வயலில் நான் சொன்னபடி நெருக்கி நட்டான், மீதிப் பாதியில் விலக்கி நட்டான். அறுத்து, தனித்தனியாக எடை போட்டு, “விலக்கி நட்டதுலதான் கூட வந்திருக்குண்ணே” என்று என் வீட்டுக்கே வந்து சொன்னான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இதைக் கேள்விப்பட்ட வேளாண் அலுவலர் அவனைத் தேடிக்கொண்டு வந்தார். முப்பது வருஷத்தில் என் வாசலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மனிதர், அவன் வீட்டில் அரை நாள் உட்கார்ந்திருந்தார். இரண்டே பாதி போதாது, பல பாத்தி கட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்று, எதில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் இவன் போகத்துக்கு ஒரு கேள்வியோடு வயலில் இறங்கினான். கடைசியில் என் மனைவியே, “எதுக்கும் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உரம் போடுங்களேன்” என்றாள். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

எங்கள் மாமனாருக்கு ஆறு ஏக்கர், வாய்க்கால் ஓரம், பொன்னான மண். ஆண் பிள்ளை கிடையாது. மூட்டு வலியில் வரப்பு ஏற முடியாமல் போனபோது எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “இந்த அறுவடை முடியட்டும் மாப்ள. யாரு கையில விட்டா நிலம் நல்லா இருக்கும்னு பாத்துச் சொல்றேன்” என்றார். மூத்த மாப்பிள்ளை நான் இருக்கப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் அவர் கண் அவன் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

அந்தப் போகத்தில் அவன் எடுத்த கேள்வி என் மடியிலேயே கை வைத்தது. நெல்லுக்கு மூன்றாவது தடவை யூரியா தேவையா, இல்லையா? மூன்றாவது யூரியா என்பது என் சட்டம். மாமனார் வயல் உட்பட எங்கள் குடும்பம் முழுவதும் என் பேச்சைக் கேட்டுத்தான் போட்டுவந்தது. போடுவதும் நான்தான். நான் இடது கைக்காரன். வரப்பில் நின்று ஒரு வீச்சு வீசினால் யூரியா விசிறியாகப் போய் விழும். அந்த வீச்சில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவன் பன்னிரண்டு பாத்தி கட்டினான். ஆறுக்கு மூன்றாவது உரம், ஆறுக்குக் கிடையாது. என் கொழுந்தியாள் ஒரு டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தாள். பாத்தியில் நட்ட குச்சியில் வெறும் எண் மட்டும். எந்த எண்ணுக்கு என்ன என்பது அவள் நோட்டில் இருந்தது. நோட்டு தையல் மெஷின் டிராயரில் இருந்தது.

“எதுக்கு எதுன்னு எங்கிட்டயாவது சொல்லலாம்ல?” என்றேன்.

“தெரிஞ்சா கண்ணு ஒரு பக்கம் சாஞ்சிடும்ணே. எடை போடற அன்னைக்குப் பாத்துக்கலாம்.”

என் கண் சாயுமாம். மனதில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது உரம் போட்ட பாத்தி தோற்றால் என் பேச்சும் தோற்கும், ஆறு ஏக்கரும் போகும். ஒரு மத்தியானம் எல்லோரும் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தலைவலி என்று சொல்லிவிட்டு அரை வாளி யூரியாவோடு அவன் வயலுக்குப் போனேன். ஒன்று விட்டு ஒன்றுதானே போட்டிருப்பான் என்று நானே கணக்குப் போட்டேன். ஒன்று, மூன்று, ஐந்து. மூன்று பாத்திக்கு வீசியதுமே வாளி காலி. சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து மோர் கேட்டுக் குடித்தேன். அவனே ஊற்றினான்.

பத்தே நாளில் அந்த மூன்றும் கருகருவென்று எழுந்து நின்றன. தினமும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவனும் அந்த வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தான். கயிற்றை எடுத்து எதையோ அளந்தான்.

கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்று அடித்தது. பெரிய காற்றுகூட இல்லை. ஒன்பது பாத்தி நின்றது. ஒன்று, மூன்று, ஐந்து மட்டும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டன.

எடை போட்ட அன்று மாமனார் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தியாள் நோட்டை வைத்துக்கொண்டு படித்தாள். மூன்றாவது உரம் போட்ட பாத்திகளில் சராசரி நாற்பத்தெட்டு கிலோ. போடாததில் நாற்பத்தேழு. கூட வந்த ஒரு கிலோ யூரியா விலைக்கே காணாது. அந்த மூன்றை மட்டும் தனியாக வைத்திருந்தார்கள். அவற்றில் முப்பத்தைந்துகூடத் தேறவில்லை. தூற்றியபோது பாதி பதராகப் பறந்தது.

“அது என்ன மூணு மட்டும் தனியா?” என்றார் மாமனார்.

“அது அளவுக்கு மேல யூரியா விழுந்த பாத்தி மாமா” என்றான் சகலை.

“யாரு போடச் சொன்னா?”

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது.

“மிஞ்சினா என்ன ஆகும்னும் தெரியணும்ல மாமா. இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

மாமனார் ஒரு பிடி பதரை உள்ளங்கையில் வைத்து ஊதினார். “சின்ன மாப்ளயே பாத்துக்கட்டும்” என்றார். பேச்சு அவ்வளவுதான்.

எல்லோரும் சாக்குத் தைக்கப் போனபோது நோட்டு தராசின் மேல் கிடந்தது. புரட்டினேன். கொழுந்தியாளின் குண்டு எழுத்து. ‘1, 3, 5: கூடுதல் யூரியா. சீட்டுப்படி 1, 3-க்கு மட்டும் மூன்றாவது உரம், 5-க்கு இல்லை. 5 கறுத்ததால் தெரிந்தது. மூன்றிலும் இடது பக்கம் அடர்ந்து, வலது ஓரம் வெளுத்திருக்கிறது. இடது கை வீச்சு.’

தன் கையே தனக்குதவி என்பார்கள். என் கை எனக்குச் செய்த உதவி அந்தப் பக்கத்தில் இருந்தது.

நிமிர்ந்தால் சகலை நின்றுகொண்டிருந்தான். நோட்டை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

“அடுத்த போகத்துக்கு உங்களுக்குன்னு நாலு பாத்தி விடறேண்ணே. எவ்வளவு வேணும்னாலும் போடுங்க. எங்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க, எழுதிக்கறேன்.”

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் நிம்மதியாக அவனை வெறுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை, பாவி. என் பொறாமையையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, எடை போட்டு, பதிலை எழுதிவைத்துவிட்டான்.

நாலு பாத்தி வேண்டாம், ஆறாகக் கொடு என்றேன்.